சீடியில் பார்த்த படத்துக்கு விமர்சனம்: எல்லா வகைக்கும் ஒரே அளவுகோல் சரியா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா முந்நூறுக்கும் மேல் விசிடியும் டிவிடியும் சேர்த்து வைத்துவிட்டுக் காலமாகிவிட்டார். மகள் அதிலிருந்து வாரம் ஒரு படம் எடுத்துப் பார்த்து விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒரு வாரம் பக்திப் படம், மறுவாரம் பேய்ப் படம், அதற்கடுத்த வாரம் ஹாங்காங் சண்டைப் படம். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார். போட்டுப் பார்த்தால் எல்லாமே மூன்றில் வந்து நிற்கிறது. "வகை வகையான படங்களை ஒரே ஆள் எப்படி மதிப்பிடுவது? தியேட்டரில் பார்க்காமல் பழைய சீடியில் பார்த்து எழுதுவதற்கு மதிப்பு உண்டா?" என்று கேட்கிறார்.

இரண்டு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. நான் பார்த்தது அந்தப் படத்தையா, அல்லது அந்தப் படம் ஏறியிருக்கும் ஒரு பிரதியையா? இதற்கு விடை தெரியாமல் மதிப்பெண் போட்டால் எல்லாம் மூன்றில்தான் நிற்கும். நல்ல படத்தை மோசமான சீடி கீழே இழுத்துவிடும், சுமாரான படத்தைப் பளிச்சென்ற சீடி மேலே தூக்கிவிடும், கடைசியில் எல்லாம் நடுவில் வந்து சேரும்.

நான் சினிமா படித்தவன் இல்லை. பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் ஒரு சீடிக் கடையில் பதின்மூன்று ஆண்டுகள் கல்லாவில் நின்றேன். அப்புறம் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் ஒன்பது ஆண்டுகள், புதிதாக வந்த சீடிகளைப் பற்றி வாராவாரம் எழுதினேன். விசிடி, டிவிடி, புளூரே எல்லாவற்றையும் கடையில் "சீடி" என்றே சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். நான் சொல்வதில் பாதி வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்த சீடிகளிலிருந்து கற்றது. நன்றாக ஓடும் சீடியைப் பற்றி யாரும் கடைக்கு வந்து பேச மாட்டார்கள். ஓடாததைப் பற்றித்தான் பேசுவார்கள், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

ஒரு பாட்டி வந்தார். குயின் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தவர், நெற்றியில் குங்குமம் காயவில்லை. முந்தின வாரம் வாங்கிய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கல்லாவில் வைத்தார். "தம்பி, இது அவங்க குரல் இல்ல. வேற யாரையோ வச்சிப் பாட வச்சிருக்காங்க" என்றார். படம் அதேதான், பாடகியும் அவரேதான் என்று எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. "நாப்பது வருஷமா ரேடியோல கேக்கறேன், எனக்குத் தெரியாதா?" பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மனது கேட்கவில்லை. இரவு கடை மூடும் முன் அந்தப் பாட்டை ஆடியோ சீடியிலும் டிவிடியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். பாட்டி சொன்னது சரி. டிவிடியில் குரல் மேலே ஏறியிருந்தது, பாட்டும் சில விநாடி முன்பே முடிந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. படம் விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம் என்று எடுக்கப்படுகிறது. மலேசியாவிலும் இந்தியாவிலும் இருந்த 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கு விநாடிக்கு 25 வேண்டும். சில சீடிகளில் 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாகப் போகும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் சுருதியும் கூடவே ஏறும், அரைக் கட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு. பேச்சு மட்டும் இருக்கும் படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டி உடனே கண்டுபிடித்துவிடுவார். அந்தப் படத்தின் உயிரே அந்தக் குரலில்தான் இருந்தது, சீடி கை வைத்ததும் சரியாக அங்கேதான்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. ஒவ்வொரு வகைப் படத்துக்கும் உயிர் ஒவ்வொரு இடத்தில் இருக்கிறது. சீடியின் குறையும் ஒவ்வொரு வகையை ஒவ்வொரு இடத்தில் அடிக்கிறது. அதனால் ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் நீட்டாதீர்கள். இந்தப் படத்துக்கு உயிர் எங்கே, இந்தப் பிரதி அதைக் காப்பாற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தெரிந்த பிறகு படத்தைப் பற்றிப் பேசலாம்.

உயிர் எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு உதவியது தொல்காப்பியம். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடு சொல்லியிருக்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்ப்பாடு என்றால் உள்ளே எழும் உணர்ச்சி உடம்பில் தெரிவது. கடையில் படங்களை 'ஆக்‌ஷன்', 'காமெடி', 'ஹாரர்' என்று அடுக்கி வைத்திருந்தோம். அது விற்பதற்கு வசதி. எழுத உட்காரும்போது அந்த அடுக்கு போதாது. தமிழ்ப் படத்தில் ஒரே சீடிக்குள் எட்டும் வந்துபோகும். முதல் அரை மணி நேரம் நகை, அப்புறம் உவகையாக ஒரு டூயட், இடைவேளைக்கு முன் வெகுளி, கடைசியில் அழுகை. எனவே படம் முழுவதற்கும் ஒரு வகைப் பெயர் ஒட்டாமல், எந்தக் காட்சியில் என் உடம்பில் எது நடந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். 'சிரித்தேன்', 'கை குளிர்ந்தது', 'கைப்பேசியை எடுத்தேன்'. கடைசியில் சொன்னதையும் எழுத வேண்டும். படம் நம்மை விட்ட இடம் அது.

இப்போது சீடி. பேய்ப் படத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் நான் செய்த பெரிய தவறு அங்கேதான். பத்தி எழுதத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரு பேய்ப் படத்தைப் பற்றிக் கடுமையாக எழுதினேன். ஒரு நீண்ட காட்சியில் நாயகி சமையலறையில் நின்று பாத்திரம் கழுவுகிறாள், பின்னால் இருட்டு, ஒன்றுமே நடக்கவில்லை, இயக்குநருக்குப் பயமுறுத்தத் தெரியவில்லை என்று எழுதிவிட்டேன். சில ஆண்டு கழித்து அதே படம் நல்ல பதிப்பாக வந்தது. அந்தக் காட்சியைப் போட்டேன். பின்னால், கதவுக்கும் அலமாரிக்கும் இடையில், காட்சி முழுவதும் ஒரு கிழவி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். முதல் சீடியில் அவள் இருட்டோடு இருட்டாகக் கரைந்து போயிருந்தாள். நான் விமர்சித்தது அந்த இயக்குநரின் படத்தை அல்ல. அடுத்த வாரமே திருத்தம் எழுதினேன், ஆனால் முதலில் எழுதியதை வாசித்த எல்லாரும் இரண்டாவதை வாசித்திருக்க மாட்டார்கள்.

ஏன் இருட்டு முதலில் போகிறது? டிவிடி ஒவ்வொரு படத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சின்னச் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கி வைக்கிறது. இடம் பற்றாதபோது, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அது நினைக்கும் நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. கறுப்புக்கும் அதைவிடச் சற்று வெளுத்த கறுப்புக்கும் உள்ள வேறுபாடு அப்படித்தான் போகும். புகை, மழை, ஆற்று நீர், கூட்டம், வாணவேடிக்கை எல்லாமே இதற்குச் சிக்கல்தான். கோயில் திருவிழாக் காட்சியில் கூட்டம் சதுரம் சதுரமாகக் குதித்தால் அது கேமராமேன் தப்பு இல்லை.

இடம் எவ்வளவு பற்றுகிறது என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓரடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, ஈரடுக்கில் 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 4.7இல் தனியாக இருந்தால் விநாடிக்குச் சுமார் 4 மெகாபிட் தகவலுக்கு இடம் கிடைக்கும், 8.5இல் இருந்தால் 7.5. 'மூன்று படம் ஒரே டிவிடியில்' என்று வந்தவை உங்கள் அப்பாவிடம் கட்டாயம் இருக்கும், எல்லார் வீட்டிலும் இருந்தன. அது ஓரடுக்கு என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது விநாடிக்கு 1.4 மெகாபிட்தான், ஒலியையும் சேர்த்து. விசிடியில் படத்துக்கு மட்டுமே 1.15 உண்டு. ஒரே சின்னக் கன்சில் காரில் மூன்று குடும்பத்தை ஏற்றியது போலத்தான். அந்த மூன்றில் ஒரு பேய்ப் படம் இருந்தால், ஒளிப்பதிவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். நடிப்பு, கதை, வசனம், இசை பற்றித் தாராளமாக எழுதலாம், அவை தப்பித்து வந்திருக்கும்.

நகைச்சுவைப் படத்துக்குப் படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பாதகமில்லை. அங்கே உயிர் நேரத்தில் இருக்கிறது. சப்டைட்டில் அரை விநாடி முந்திக்கொண்டால், நடிகர் வாய் திறக்கும் முன்பே பக்கத்தில் இருக்கும் சீன நண்பர் சிரித்துவிடுவார், நமக்கு ருசி போய்விடும். மொழிபெயர்ப்பும் அப்படித்தான். இந்த நாட்டில் வெளியான சீடிகளில் மலாய் சப்டைட்டில் இருக்கும். ஒருமுறை பார்த்தேன், முறைப்பெண் தான் கட்டிக்கப்போகும் ஆளைச் செல்லமாக "மாமா" என்கிறாள், கீழே 'பாக்சிக்' என்று ஓடுகிறது. என்னோடு பார்த்த மலாய் நண்பர் முகம் சுளித்துவிட்டார். அவருக்கு அது அப்பா வயதுக்காரரைக் கூப்பிடும் சொல். அதற்குப் பிறகு வந்த டூயட் முழுவதும் அவருக்கு வேறு படம், எனக்கு வேறு படம். நீங்கள் எழுதுவதைத் தமிழ் தெரியாதவர்களுக்கும் யாராவது சொல்லிக் காட்டக்கூடும் என்றால், சப்டைட்டில் பற்றி இரண்டு வரி எழுதுவது பெரிய உதவி. பாட்டுக்குச் சப்டைட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல சீடிகளில் பாட்டு வந்ததும் சப்டைட்டில் நின்றுவிடும். கதையின் பாதி பாட்டில் இருக்கும் படத்துக்கு அது பெரிய இழப்பு.

ஹாங்காங் சண்டைப் படம் என்று எழுதியிருந்தீர்கள். 'ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள், சத்தம் தாங்கவில்லை' என்று அதற்கு ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறீர்கள். அந்த விசிடியை மறுபடி போடுங்கள். ரிமோட்டில் ஆடியோ என்றோ, இடம் வலம் என்றோ ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். அந்தக் காலத்து ஹாங்காங் விசிடிகளில் இடப்பக்க ஸ்பீக்கரில் ஒரு மொழியும் வலப்பக்கத்தில் இன்னொன்றும் பதிந்திருப்பார்கள், பெரும்பாலும் மாண்டரினும் கண்டோனீசும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நீங்கள் சொன்ன மாதிரிதான் இருக்கும். கடையில் இதற்காகவே வாரத்துக்கு இரண்டு பேர் சீடியைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். சண்டைப் படத்தின் உயிர் உடம்பின் அசைவில் இருக்கிறது, முழு உடம்பும் தெரிய வேண்டும். ஓரம் வெட்டப்பட்ட சீடியில் உதைப்பவன் கால் தெரியும், வாங்குபவன் தெரிய மாட்டான்.

ஓரம் வெட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொகுப்பில் பெரும்பகுதியை இது தொடும். பல தமிழ்ப் படங்கள் அகலத் திரைக்காக எடுக்கப்பட்டவை, உயரம் 1 என்றால் அகலம் 2.35. பழைய தொலைக்காட்சிப் பெட்டி 4க்கு 3. அதை நிரப்புவதற்காக இரண்டு பக்கமும் வெட்டினால் படத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடுகிறது, கிட்டத்தட்ட பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பது எளிது. பெயர் போடும்போது எழுத்துகள் ஓரத்தில் அறுபடும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்கும் நடுவில் ஒரு சுவரும் மட்டும் தெரியும். சில சீடிகளில் வெட்டாமல் பக்கவாட்டில் நெருக்கியிருப்பார்கள், எல்லாரும் ஒல்லியாக நெட்டையாகத் தெரிவார்கள். கார்ச் சக்கரத்தைப் பாருங்கள், முட்டை வடிவில் இருந்தால் நெருக்கியிருக்கிறார்கள். இப்போதைய டிவி சில நேரம் தானாகவே இழுத்துக் காட்டும், அதனால் டிவி அமைப்பைச் சரிபார்த்துவிட்டுச் சீடியைக் குறை சொல்லுங்கள்.

ஆவணப்படம், குழந்தைப் படம் இரண்டுக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னதில் எந்த ஆண்டு எடுத்தது என்பதை எழுதுங்கள். பின்னதை ஒரு குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள்.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதில் நான் கடுமையாக இருப்பேன். படம் எத்தனை நிமிடம் ஓடுகிறது, திரை வடிவம் என்ன, எத்தனை மொழியில் ஒலி, எந்தப் பாட்டு இல்லை, சப்டைட்டில் உண்டா என்பதெல்லாம் கையில் இருக்கும் ஒரே சீடியை வைத்து அடித்துச் சொல்லலாம். ஒளிப்பதிவு மங்கலா, ஒலி தெளிவில்லையா, இசை தட்டையாக இருக்கிறதா என்பதைச் சொல்ல இன்னொரு பிரதியாவது வேண்டும். கிடைக்கவில்லை என்றால் 'இந்தச் சீடியில் இப்படித் தெரிகிறது' என்று எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதாக, நிறம். பழைய வண்ணப் படத்தின் பிரதி காலப்போக்கில் சிவந்துபோகும், மற்ற சாயங்கள் முதலில் மங்குவதால். அப்படிச் சிவந்த பிரதியிலிருந்து எடுத்த சீடியைப் பார்த்து 'இயக்குநர் சிவப்பை அதிகம் பயன்படுத்தியிருக்கிறார்' என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். ஒரு சீடியை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்துக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்.

என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இரண்டு ஸ்பீக்கர்தான். கவரில் 5.1 என்று போட்டிருக்கும் சீடிக்கு அந்த ஐந்து பக்க ஒலி எப்படி என்று நான் எழுதியதே இல்லை, எழுதியிருந்தால் பொய். ஐம்பதுகளில், அறுபதுகளில் வந்த படத்துக்கு 5.1 என்று போட்டிருந்தால் மட்டும் ஒரு குறிப்பு வைப்பேன். ஒற்றை ஒலித்தடத்தில் பதிவான படத்துக்கு அது பிற்பாடு பிரித்துப் போட்டது. பழைய ஒற்றைத் தடமும் சீடியில் இருந்தால் அதைத்தான் கேட்பேன். அப்புறம், பேய்ப் படம் பார்த்து எனக்குப் பயம் வருவதில்லை. அது படத்தின் குறை இல்லை, என் சுபாவம். அதனால் என் அண்ணன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்ப்பேன், அவள் எந்த இடத்தில் தலையணையைப் பிடித்தாள் என்பதையும் எழுதுவேன். உங்களுக்கு ஒட்டாத வகை எது என்று கண்டுபிடித்து அதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வாசிப்பவர்கள் அதற்கேற்ப எடுத்துக்கொள்வார்கள்.

நிமிடக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. இந்த நாட்டில் வெளியாகும் சீடியும் தணிக்கை வாரியத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். 150 நிமிடப் படம் உங்கள் சீடியில் 144 நிமிடம் ஓடினால், ஆறு நிமிடத்தைத் தணிக்கையில் வெட்டிவிட்டார்கள் என்று எழுதத் தோன்றும். பொறுங்கள். மேலே சொன்ன 25 பிரேம் வேகத்தில் ஓட்டினாலும் 150 சரியாக 144 ஆகிவிடும், ஒரு பிரேம்கூட வெட்டாமல். பாட்டை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடப் பாட்டு நாலே முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேலாக ஓடினால் வேகம்தான் காரணம். பாட்டு சரியான நீளத்தில் இருந்து படம் மட்டும் குறைந்தால் எங்கோ வெட்டு இருக்கிறது. விசிடியில் மூன்றாவது காரணமும் உண்டு. ஒரு விசிடியில் 74 நிமிடம், அதிகம் போனால் 80. இரண்டே சீடியில் அடக்கப் பார்த்து இரண்டு பாட்டை எடுத்துவிட்டவை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று சீடியாகப் போட்டால் செலவு கூடும், விலையும் கூடும். கவரில் 18எஸ்ஜி, 18எஸ்எக்ஸ் மாதிரி தணிக்கை வாரியத்தின் வயது வரம்பு முத்திரை இருந்தால் அந்தப் பதிப்பு 2012க்கு முந்தியது என்று ஊகிக்கலாம், அந்த ஆண்டு அந்தப் பிரிவுகளையெல்லாம் வெறும் 18 ஆக்கிவிட்டார்கள். எஸ்ஜி என்றால் மலாயில் செராம், கானாஸ், அதாவது பயமும் வன்முறையும்.

இரவுச் சந்தையில் வாங்கிய கள்ள சீடிகள் சில இருப்பதாகத் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அப்பாவைத் தப்பாக நினைக்க வேண்டாம், அந்தக் காலத்தில் அது இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. 2000ஆம் ஆண்டின் ஒளித்தட்டுச் சட்டம் வந்தது, 2003 வாக்கில் ஹோலோகிராம் முத்திரை கட்டாயமானது, 2007இல் லக்கி, ஃப்ளோ என்ற இரண்டு லாப்ரடார் நாய்களைக் கொண்டுவந்து சீடியை மோப்பம் பிடிக்க வைத்தார்கள், அவை சீடி செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் வாசனையைப் பிடிக்கப் பழகியவை. அதே 2007இல் இந்தியாவில் மோசர் பேயர் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுக்க ஆரம்பித்தது. அசல் வாங்க ஆசைப்பட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று கல்லாவில் நின்ற எனக்குத் தெரியும். விமர்சனத்துக்கு வருவோம். கள்ள சீடியை வைத்து எழுதாதீர்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, தியேட்டரில் கேமரா வைத்து எடுத்ததாகவும் இருக்கலாம். சீடியின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊதாச் சாயல் தெரிந்தால் வீட்டில் பதிந்தது. வெள்ளியாக இருந்து நடு வளையத்தில் ஐஎஃப்பிஐ (IFPI, பன்னாட்டு ஒலிப்பதிவுத் தொழில் கூட்டமைப்பு) என்று பொடி எழுத்தில் எண்ணோடு பொறித்திருந்தால் உரிமம் பெற்ற ஆலையில் அச்சானதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊதாச் சாயல் உள்ளவை சாயத்தில் பதிந்தவை என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் போய்விடும். அவற்றில் குடும்ப வீடியோ ஏதும் இருந்தால் இந்த வாரமே வேறொன்றில் ஏற்றிவிடுங்கள், படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, மதிப்பு உண்டா என்ற கேள்வி. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸின் பிரதி இன்று நம்மிடம் இல்லை. அந்தக் காலத்து விளம்பரமும் பத்திரிகைகளில் எழுதியதும் இருப்பதால்தான் அது எப்படி இருந்தது என்று கொஞ்சமாவது பேச முடிகிறது. உங்கள் அப்பாவின் முந்நூறு சீடிகளில் சில, இன்று எந்த ஓடிடியிலும் கிடைக்காதவையாக இருக்கும். சிலவற்றின் விசிடிதான் பொதுமக்கள் கைக்கு வந்த ஒரே வடிவம். இந்த நாட்டுப் பதிப்பு, இத்தனை நிமிடம், இந்தப் பாட்டு இல்லை, மலாய் சப்டைட்டில் இப்படி என்று நீங்கள் எழுதி வைத்தால், பத்து ஆண்டு கழித்து அந்தப் படத்தைத் தேடும் ஒருவருக்கு அது பெரிய துணை. புதுப் படத்துக்கு முதல் நாள் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய விசிடியை மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்து எழுத ஆள் இல்லை.

மதிப்பெண் வேண்டுமென்றால் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், படத்துக்கு ஒன்று, சீடிக்கு ஒன்று. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். படத்துக்கான எண்ணையும் அதே உணர்ச்சியில் வேலை செய்யும் படங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். சிரிக்க வைத்த படத்துக்கு நாலும் அழ வைத்த படத்துக்கு மூன்றும் போட்டால், சிரிப்பு அழுகையைவிட உசத்தி என்று ஆகாது. உண்மையைச் சொன்னால், ஒன்பது ஆண்டில் நான் எண்ணே போட்டதில்லை. ஆசிரியர் பலமுறை கேட்டார். 'வாங்கலாம்', 'இரவல் வாங்கிப் பார்க்கலாம்', 'நல்ல பதிப்பு வரும்வரை பொறுக்கலாம்' என்ற மூன்று முடிவில் ஒன்றைக் கடைசி வரியாக எழுதுவேன். மூன்றாவது முடிவைத்தான் வாசகர்கள் அதிகம் மதித்தார்கள். படத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அதில் தெரிந்தது.

கவர்களின் உள்பக்கம் அப்பா பேனாவால் தேதியும் விலையும் கடைப் பெயரும் எழுதியிருக்கிறார், அதைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். தேதியையும் விலையையும் கட்டாயம் சேருங்கள். ஒரு படம் பினாங்கில் எந்த மாதம், எத்தனை வெள்ளிக்குக் கிடைத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? நீங்கள் படம் பிடித்துப் போட்டிருந்த கவரில் 'கடைசி அரை மணி நேரம் பார்க்கவில்லை, தூக்கம்' என்று இருந்ததே, அது அவருடைய விமர்சனம். அதையும் அப்படியே போடுங்கள்.

கடைசியாக, இரண்டாவது சீடி காணாமல் போன அந்தக் குடும்பப் படம். முதல் சீடியை மட்டும் பார்த்து எழுதலாமா என்றால், எழுதலாம். தலைப்பிலேயே முதல் சீடி மட்டும் என்று போட்டுவிடுங்கள், எந்தக் காட்சியில் நிற்கிறது என்பதையும் சொல்லுங்கள். என்னிடம் இருக்கும் பெட்டிகளில் அந்தப் படத்தின் இரண்டாவது சீடி இருக்கிறதா என்று இந்தச் சனிக்கிழமை தேடிப் பார்க்கிறேன். கடை மூடியபோது ஜோடி இல்லாத சீடிகளையெல்லாம் நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.